தமிழ்த் துறையும் கணினித் துறையும் கூட்டாக ஆய்வு செய்ய: சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். சேர்வராயன் மலை ஊர்களில் விவசாயச் சொற்களைப் பேச்சாகவே பதிந்து, தேடிக் கேட்கக்கூடிய ஒலி அகராதியாக்கும் வேலையைக் கணினித் துறையோடு சேர்ந்து மூன்று மாணவர் அணிகளுடன் செய்திருக்கிறேன். முதல் அணி பாதியில் நின்றது. இரண்டாவது தட்டுத்தடுமாறிக் கரையேறியது. மூன்றாவதுதான் ஒழுங்காக நடந்தது. மூன்று அணியிலும் பிள்ளைகளின் திறமை ஏறக்குறைய ஒன்றுதான், வேலையின் வரிசைதான் மாறியது. முதல் அணி அகராதியைத் தேடிக் காட்டும் ஆப்பை (செயலியை) கட்டுவதில் தொடங்கியது. மூன்றாம் அணி ஆப்பைக் கடைசியில்தான் தொட்டது.

மலை ஏற முடியாதவர்கள் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளையோ, குகை, அம்மாப்பேட்டைத் தறிகளையோ எடுத்துக்கொள்ளலாம். படிகள் மாறாது, இரைச்சல்தான் கூடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு துறையிலிருந்தும் ஆளுக்கொரு கைடு, ஆளுக்கு இரண்டு மாணவர்கள். ஒரு துறையிலிருந்து மூன்று பேர், இன்னொன்றிலிருந்து ஒருவர் என்று வைத்தால் அந்த ஒருவர் எடுபிடியாகிவிடுவார். இது ஒவ்வொரு முறையும் நடக்கும்.

அழுத்தாத ஒலிக்கோப்பாகப் பதியும் ரெக்கார்டர் அல்லது போன், சட்டையில் குத்தும் மைக், ஹெட்போன். மைக்கை விட ஹெட்போன் முக்கியம். பதியும்போதே கேட்காதவர்களுக்கு மைக் வயர் உரசிய சத்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்போது மறுபடி மலை ஏற வேண்டும்.

இரண்டு ஹார்ட் டிஸ்க். துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைட் கடிதம், நான்கைந்து நகல். நால்வருக்கும் யூனிகோடில் தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும். பாமினியில் அடித்துப் பழகியவர் இருந்தால் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். பழைய எழுத்துருவில் அடித்ததைக் கணினியால் தமிழாகத் தேட முடியாது.

2. கேள்வியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்குங்கள்

"சேர்வராயன் மலை மக்களின் மொழியும் பண்பாடும்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது ஐந்து முனைவர் பட்டத்துக்கான சமாச்சாரம். எங்கள் மூன்றாம் அணியின் கேள்வி இவ்வளவுதான்: சாமை, கேழ்வரகு, காப்பி ஆகிய மூன்று பயிர்களில், விதைப்பு முதல் சேமிப்பு வரை, மூன்று ஊர்களில், அறுபது தாண்டியவர்களும் முப்பதுக்குக் கீழே இருப்பவர்களும் என்னென்ன சொற்களைப் புழங்குகிறார்கள்?

கணினிப் பக்கத்துக்கும் தனியாக ஒரு கேள்வி வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் இன்றைய கணினி மாதிரிகள் (மாடல்கள்) இந்தப் பேச்சில் எங்கே, எதனால் சறுக்குகின்றன? இப்படி ஒன்று இல்லாவிட்டால் அவர்கள் வெப்சைட் கட்டித் தரும் கூலியாட்கள் ஆகிவிடுவார்கள். "நாங்க டேட்டா கொடுத்தோம்" என்பதோடு தமிழ்ப் பிள்ளைகள் நின்றாலும் அதே கதைதான். அடுத்த துறையின் பெயரைச் சொல்லாமலே தன் துறை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அரை மணி நேரம் நின்று பேச முடிகிறதா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். முடியாதென்றால் கேள்வி இன்னும் பிறக்கவில்லை.

முன்னால் என்ன நடந்திருக்கிறது என்று முனைவர் பட்ட ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் தேடுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இந்த மலையின் பழங்குடியினருக்கு அரசுப் பட்டியலில் உள்ள பெயர் மலையாளி. அவர்கள் பேசுவது தமிழ். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் கேரளம் பக்கம் பக்கமாக வந்து விழும். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை என்று மலையின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். ஒரு மாணவர் ஓணம் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

3. யாருக்கு எது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுங்கள்

ஒலிப்பதிவு யார் பொறுப்பில் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் முதலில், எந்த இயலை யார் தன் அறிக்கையில் வைப்பார். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. எங்கள் இரண்டாம் அணியில் களப்பணி பற்றிய இயலை இரு துறை மாணவர்களும் வரி மாறாமல் தத்தம் அறிக்கையில் வைத்துவிட்டார்கள். யூ.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 விதிப்படி, ஏற்கெனவே உள்ள எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முதலில் சமர்ப்பித்தவர் தப்பித்தார், அடுத்தவர் தான் எழுதியதையே மறுபடி மாற்றி எழுதினார்.

4. காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள்

இறுதி செமஸ்டர் புராஜெக்ட் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. பகலில் ஊரில் ஆள் இருக்காது, சாயங்காலம் வருபவர்கள் களைத்திருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டத்தில் பேருந்தில் இடம் கிடைக்காது. மழை மாதங்களில் தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சே கேட்காது. ஆக, பதிவுக்குத் தோதானது பிப்ரவரி.

பிப்ரவரியில் பதிந்தால் எழுத்தாக்க மார்ச் மட்டும்தான் மிச்சம். அதனால் கேள்வி, அனுமதி, முன்னோட்டம், எழுத்தாக்க விதி ஆகிய நான்கும் முந்தைய செமஸ்டரிலேயே முடிந்திருக்க வேண்டும். ஒரே செமஸ்டருக்குள் எல்லாம் ஆகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எவ்வளவு பதிவது? எங்கள் அனுபவத்தில் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எட்டு மணி நேரம் பிடிக்கிறது. பத்து மணி நேரம் பதிந்தால் 80 மணி நேர வேலை. நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காது ஒத்துழைக்காது, எனவே பத்து நாள். அடுத்தவர் சரிபார்க்க இன்னும் ஐந்து நாள். முதல் அணி ஆர்வத்தில் 40 மணி நேரம் பதிந்து வந்தது. அந்த ஹார்ட் டிஸ்க் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

5. பணம்

தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் மாணவர் ஆய்வுத் திட்ட உதவி உண்டு. துறைத் தலைவர், முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தொகை சிறியது, பேருந்துக்கும் மைக்குக்கும் ஆகும். ஆசிரியர் பெயரில் பெரிய திட்டம் போட, சமூக அறிவியல் என்றால் இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றம், தொழில்நுட்பம் என்றால் 2023 சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனம்.

பட்ஜெட்டில் புதியவர்கள் மறப்பது ஒன்றே ஒன்று, பேசுபவருக்கான மதிப்பூதியம். அரை நாள் உட்கார்ந்து பேசினால் அவருக்கு அரை நாள் கூலி போகிறது. விண்ணப்பத்திலேயே அதற்குத் தனித் தலைப்பு வைக்காவிட்டால் பிறகு கணக்கில் காட்ட வழியில்லை. பேருந்துச் சீட்டுகளை அன்றன்றே தாளில் ஒட்டுங்கள், மை மங்கிவிடும்.

6. அனுமதி மூன்று படி, ஒப்புதல் மூன்று கேள்வி

முதலில் கல்லூரியின் நெறிமுறைக் குழு. அடுத்து ஊர்ப் பெரியவர். அதன் பிறகுதான் தனி ஆள். ஊர்ப் பெரியவரைப் பார்க்கும் நாளில் ரெக்கார்டரை எடுத்துப் போகவே வேண்டாம். டீ குடித்துவிட்டு, எதற்கு வந்தோம், எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பையைத் திறந்து கருவியை வெளியே எடுத்தவுடன் நீங்கள் சர்வே எடுக்க வந்த ஆளாகிவிடுவீர்கள். பட்டாவும் ரேஷன் கார்டும்தான் பேச்சாக வரும்.

ஒப்புதலில் "பதிவு செய்யலாமா?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. மூன்றாகக் கேளுங்கள். பதியலாமா? எழுதி வெளியிடலாமா? உங்கள் குரலைக் கணினிக்குப் பழக்கக் கொடுக்கலாமா? மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை, விளக்கவும் தெரிவதில்லை. எங்கள் மாணவி ஒரு பாட்டியிடம் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது: "ஆயா, உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் நம்ம பேச்சைப் பழகும். நாளைக்கு முன்பின் தெரியாதவங்களும் இந்தக் குரலைக் கேட்பாங்க. சரின்னா சொல்லுங்க, வேண்டாம்னாலும் சொல்லுங்க."

அந்த ஆயா யோசித்துவிட்டு, "வெள்ளாமை பேசுனத எங்க வேணாலும் போட்டுக்க கண்ணு. சாமி கதைய மட்டும் வெளிய விட்றாத" என்றார். அது பாதி ஒப்புதல். அட்டவணையில் அப்படியே பதிய வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் வாய்மொழி ஒப்புதலைப் பதிவின் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் திரும்பப் பெறக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நாளை ஒருவர் வேண்டாம் என்றால் அவர் குரலை மட்டும் பிரித்தெடுக்க முடிய வேண்டும். எனவே ஒருவர், ஒரு எண், ஒரு கோப்புறை. இருவர் பேச்சை ஒரே கோப்பில் ஒட்டாதீர்கள்.

7. இருபது நிமிட முன்னோட்டம், கடைசி வரை

ஒரே ஆள், இருபது நிமிடம். பதிந்து, பெயரிட்டு, எழுத்தாக்கி, அட்டவணையில் ஏற்றி, தேடிக் கேட்கும் வரை போய்ப் பாருங்கள். பதிவோடு நிறுத்தினால் அது முன்னோட்டமே இல்லை. எங்கே அடைக்கிறது என்று குழாயின் மறுமுனையில்தான் தெரியும்.

எங்களுக்கு அடைத்த இடங்கள்: பக்கத்து வீட்டு சீரியல், சேவல், பாக்கெட்டில் அதிர்ந்த போன். எல்லாவற்றையும் விட மோசமானது, பதிந்த கோப்பை ஒரு மாணவர் வாட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்பியது. அது ஒலியைப் பிழிந்து சக்கையாக்கிவிடும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) வேவ் (அழுத்தாத) கோப்பாகப் பதியுங்கள். மணிக்கு ஏறக்குறைய 520 எம்.பி. வரும், பத்து மணி நேரத்துக்கு 5 ஜி.பி.யைக் கொஞ்சம் தாண்டும். ஒரு சினிமாவுக்கு ஒதுக்கும் இடம்தான். பேச்சு மாதிரிகள் பல 16 கிலோஹெர்ட்ஸில்தான் வேலை செய்கின்றன. இறக்குவதைப் பிறகு செய்துகொள்ளலாம், குறைத்துப் பதிந்ததை ஏற்ற முடியாது.

8. எழுத்தாக்க விதி: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

ஒரே ஆயா சொன்ன ஒரே சொல்லை எங்கள் பிள்ளைகள் மூவர் மூன்று விதமாக எழுதினார்கள். ஒருவர் கேவுரு, ஒருவர் கேவரு, இன்னொருவர் தயவுசெய்து திருத்தி கேழ்வரகு. அட்டவணையில் அது மூன்று சொல்லாக நின்றது. அகராதியில் தேடுபவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். கணினிக்குக் கொடுத்தால் அதுவும் குழம்பும்.

ஆகவே பெரிய பதிவுக்கு முன்பே இரண்டு பக்க விதி எழுதுங்கள். எங்கள் விதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரிசை. முதல் வரிசையில் காதில் விழுந்தபடி, இரண்டாவதில் அகராதித் தலைச்சொல். முதல் வரிசையைத் திருத்த யாருக்கும் உரிமை இல்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் இது கடினம், பிழை திருத்தியே வளர்ந்த கை சும்மா இருக்காது.

விதியில் கட்டாயம் இருக்க வேண்டியவை: ழகரத்தை ளகரமாகச் சொன்னால் எப்படி எழுதுவது, "மரம்" என்பது "மரோ" என மூக்கொலியில் முடிந்தால் என்ன செய்வது, "ம்", "ஆங்" போன்ற அசைகளை வைப்பதா விடுவதா, எண்ணை எழுத்திலா இலக்கத்திலா, எங்கே இடைவெளி விடுவது. கடைசியானது சின்ன விஷயம்போல் தெரியும். 11ஆம் படியில் அதன் விலை புரியும்.

விதி எழுதியதும் ஒரே ஐந்து நிமிடப் பேச்சை இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, மாறுபட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விதி சேருங்கள். மூன்று சுற்று போதும். கணினி மாணவர்களும் இதில் உட்கார வேண்டும். "இது எங்க வேலை இல்ல சார்" என்று நழுவியவர் பிறகு தன் மாதிரியின் பிழைகளைப் படிக்கத் தெரியாமல் விழித்தார்.

கருவிக்கு ஈலான் மென்பொருள் போதும். இலவசம், ஒலியோடு எழுத்தை நேரக்கணக்கில் கட்டிவைக்கும். வேர்டில் அடித்துக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எந்தச் சொல் எந்த நொடியில் வருகிறது என்பது தொலைந்தால் ஒலி அகராதி இல்லை.

9. பெரிய பதிவு

"இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டால் பாதிப் பேர் பாடப்புத்தகச் சொல்லைத்தான் தருவார்கள், வந்திருப்பது காலேஜ் ஆயிற்றே. வேலையைச் சொல்லச் சொல்லுங்கள். "சாமையைக் களத்துக்குக் கொண்டுவந்த பிறகு என்னென்ன செய்வீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க." சொற்கள் தாமாக வரும். நீங்கள் முந்திக்கொண்டு ஒரு சொல்லை உதிர்த்துவிட்டால் அவர் மரியாதைக்கு அதையே திருப்பிச் சொல்வார். அந்தப் பதிவு உங்கள் சொல்லின் பதிவு.

பதில் முடிந்ததும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நல்ல சொற்கள் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வந்திருக்கின்றன.

ஆள் விவரங்களைக் கோபோ என்ற தகவல் திரட்டும் ஆப்பில் ஏற்றுங்கள், சிக்னல் இல்லாத பள்ளங்களிலும் வேலை செய்யும். இடக்குறியீட்டைக் கையால் அடித்தால் ஒரு முறை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஏற்காடு ஏறக்குறைய 11.8 வடக்கு, 78.2 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்ட மாணவரின் ஊர் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு தீவருகே போய் நின்றது.

10. கோப்புகள்

பெயரில் ஊர்ச் சுருக்கம், தேதி, ஆள் எண். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள், அப்போதுதான் வரிசைப்படுத்தினால் வரிசையாக நிற்கும். பேசியவரின் பெயர் கோப்பின் பெயரில் வரவே கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு கட்டடத்தில். மலை இறங்கும் முன் முதல் பிரதி எடுத்திருக்க வேண்டும்.

தமிழுக்கே உரிய இரண்டு வில்லங்கம் உண்டு. "கொ" என்ற எழுத்தை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவக் குறிக்கு மாற்றும் யூனிகோடு இயல்பாக்கம் செய்தால் சரியாகிவிடும். ஆனால் "கௌ" எழுதக் கொம்போடு ளகரத்தைப் போட்டு "கெள" என அடித்திருந்தால் எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது. தேடித் தேடித்தான் திருத்த வேண்டும்.

சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை எக்செலில் நேராகத் திறந்து, தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பதறாதீர்கள், சேமிக்கவும் சேமிக்காதீர்கள். மூடிவிட்டு, எழுத்துக் குறியாக்கம் யு.டி.எஃப்-8 என்று சொல்லி இறக்குமதி செய்யுங்கள்.

11. மாதிரியைச் சோதித்தல்

முதலில் எதையும் பழக்காமல், கிடைக்கும் மாதிரியை அப்படியே ஓட்டி மதிப்பெண் எடுங்கள். ஓப்பன்ஏ.ஐ.யின் விஸ்பர் ஒன்று, சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் வெளியிட்டவை இன்னும் சில. ஒப்பிட இந்த அடிப்படை மதிப்பெண் இல்லாமல் "எங்க மாதிரி நல்லா வேலை செய்யுது" என்றால் வைவாவில் அடுத்த கேள்வி "எதைவிட?" என்பதுதான்.

அடுத்து, பழக்கும் தொகுதி, சோதிக்கும் தொகுதி என்று பிரிப்பது. எல்லாத் துண்டுகளையும் கலந்து குலுக்கி எண்பதுக்கு இருபது என்று பிரிக்கத்தான் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரே ஆயாவின் குரல் இரண்டு பக்கமும் இருக்கும், மதிப்பெண் பிரமாதமாக வரும், புதிய ஊருக்குப் போனதும் மாதிரி விழுந்துவிடும். ஆள்வாரியாகப் பிரியுங்கள். முடிந்தால் ஓர் ஊரையே சோதனைக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் குறையும், அதுதான் உண்மையான மதிப்பெண்.

பிழையை அளப்பதில் இடைவெளி விவகாரம் இப்போது வருகிறது. நம் எழுத்தாக்கத்தில் "வந்துகிட்டு இருந்தாங்க" என இரண்டு சொல். மாதிரி "வந்துகிட்டிருந்தாங்க" என்று சேர்த்து எழுதியது. ஒலியைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனால் சொற்பிழை விகிதக் கணக்கில் ஒரு மாற்றம், ஒரு விடுபாடு, இரண்டு சொல்லுக்கு இரண்டு பிழை, அதாவது நூறு விழுக்காடு. அதனால் தமிழுக்கு, எழுத்தெழுத்தாக எண்ணும் எழுத்துப்பிழை விகிதத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

ஆயா "கேவுரு" என்றார், மாதிரி "கேழ்வரகு" என்று எழுதியது. இது பிழையா? காதில் விழுந்தபடி வரிசையோடு ஒப்பிட்டால் பிழை, தலைச்சொல் வரிசையோடு ஒப்பிட்டால் சரி. இரண்டு வரிசை வைத்திருந்தால் இரண்டு கணக்கும் போடலாம். எங்கே மாதிரி பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றுகிறது, எங்கே உண்மையிலேயே கேட்காமல் விடுகிறது என்று பிரித்துக் காட்டலாம். மூன்றாம் அணியின் கட்டுரையே இந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தது. நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இருநூறு பிழைகளை வகைப்படுத்தினார்கள். கூட்டு ஆய்வு என்று நான் நம்பிச் சொல்வது அந்த மூன்று நாள் வேலையைத்தான்.

12. தேடும் பக்கம்

இப்போது கட்டலாம். ஒரு தேடல் பெட்டி, ஒலி பொத்தான், ஊர், வயதுப் பிரிவு. கேவுரு என்று அடித்தாலும் கேழ்வரகு என்று அடித்தாலும் அதே இடத்துக்குப் போக வேண்டும். இதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

13. ஊருக்குத் திரும்பிப் போய்க் கேட்க வைத்தல், பைண்டிங்குக்கு முன்

எல்லாரும் இதை வைவா முடிந்த பிறகு, நன்றி சொல்லும் சடங்காகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அறிக்கை அச்சுக்குப் போகும் முன்பே போங்கள், ஏனென்றால் திருத்தங்கள் வரும். பெரிய எழுத்தில் அச்சிட்ட சொற்பட்டியலும், நெட் இல்லாமலே ஓடும்படி போனில் ஒலியும் கொண்டு போனோம். ஒரு தாத்தா ஒரு சொல்லுக்கு நாங்கள் எழுதியிருந்த பொருளைக் கேட்டுவிட்டு, "அது மேல ஊருல. எங்களுக்கு அது வேற" என்றார். பக்கத்தில் இருந்தவர் மறுத்தார். அரை மணி நேரம் வாதம். அதையும் ஒப்புதலோடு பதிந்தோம்.

வெளியிடுவது பற்றிச் சுருக்கமாக: யூ.ஜி.சி. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொன்ன தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது, இதழின் தரத்தை நீங்களேதான் பார்க்க வேண்டும். மூன்று நாளில் அச்சிடுகிறோம் என்று மெயில் அனுப்பும் இதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். தரவை ஸெனோடோ என்ற இணைய ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் வைத்தால் நிலையான அடையாள எண் கிடைக்கும். மூன்று கேள்விக்கும் சரி என்று சொன்னவர்களின் ஒலியை மட்டும் அங்கே வையுங்கள்.

ஊரில் கிடைத்த திருத்தங்களை அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து அட்டவணையில் ஏற்றிவிடுங்கள். பேருந்தில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைத் திறந்தவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து அடிவாரம் வருவதற்குள் கண்டக்டரிடம் பாலிதீன் பை கேட்டிருக்கிறார்கள்.